பனி நாட்டு வளவும் பழைய பெர்குசனும்

கனடாவிலிருந்து எமது அண்ணரின் மகள் எழுதிய கடிதமொன்று சென்ற மாதம் எம் கைக்கு வந்தது. நலவிசாரிப்பும் பிள்ளைகளின் படிப்பும் முதற் பக்கத்தோடு முடிந்துவிட, எஞ்சிய மூன்று பக்கங்களும் உழவு யந்திரத்தைப் பற்றியனவாகவே இருந்தன. பிள்ளை வளர்ப்புக்கும் பிட்டுக் குழைப்பதற்கும் இப் பகுதியில் விடை கூறிப் பழகிய எமக்கு இஃது ஒரு புதுமை. எனினும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இங்கிருக்கும் குடும்பங்கள் பலவாதலின், அவளுக்கு எழுதிய விடையை நேயர்களுக்கும் வைக்கின்றோம்.

செய்தி இதுதான். ரொறன்றோவில் அடுக்குமாடி வீட்டில் இருந்தவர்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்ராறியோ மாகாணத்தில் சிம்கோ ஏரிக்கு வடக்கே மூன்று ஏக்கர் வளவோடு ஒரு வீட்டை வாங்கினார்கள். எங்கள் கணக்கில் அது நாற்பத்தெட்டுப் பரப்பு. வீதியிலிருந்து வீட்டு வாசலுக்குச் செல்லும் பாதை எண்பது மீற்றர் நீளம். மாரியில் அப் பாதை பனியில் மூடுண்டு போகின்றது. மருமகனுக்கு ஐம்பத்தாறு வயது. விடியற்காலையில் எழுந்து சவளால் பனியை அள்ளி எறிந்துவிட்டே வேலைக்குப் போகின்றார். இம்முறை நெஞ்சில் ஓர் இறுக்கம் கண்டு வைத்தியரிடம் சென்றபோது, இனிச் சவளைத் தொடாதீர் என்று அவர் சொல்லிவிட்டாராம். ஆகவே ஒரு யந்திரம் வாங்கவேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் வீட்டில் வழக்கு.

விற்பனையாளர் ஐம்பது குதிரைவலுவில் ஒன்றைக் காட்டுகின்றார். மருமகனோ, பக்கத்து ஊரில் மலிவாக விற்பனைக்கு நிற்கும் எழுபது ஆண்டுப் பழமையான சாம்பல் நிறப் பெர்குசன் ஒன்றிலே மனம் வைத்துவிட்டார். 'சித்தப்பா, நீங்கள் வன்னியில் வயல் செய்தவர். உங்கள் சொல்லை இவர் தட்டமாட்டார். ஒரு முடிவு சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாள். அயலவருடைய உழவு யந்திரத்தின் மட்காட்டில் அவளுடைய ஒன்பது வயது மகன் சிரித்தபடி அமர்ந்திருக்கும் படமொன்றையும் கடிதத்தோடு வைத்திருந்தாள். அப்படத்திற்குப் பின்னர் வருவோம்.

பனி என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது மார்கழியில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். அங்கே விழும் வெண்பனி அத்தகையதன்று. விழுந்தது விழுந்தபடியே கிடந்து, அதன்மேல் மேலும் விழுந்து, பங்குனி வரையில் நிலத்தை விடாது. ஏரிக்கரை ஊர்களில் அதன் கொடுமை இன்னும் அதிகம். மாரியின் முற்பகுதியிலே ஏரிநீர் வெதுவெதுப்பாக இருக்க, வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அதன்மேற் கடந்து ஈரத்தை முகந்து, கரையேறியதும் வெண்பனியாகக் கொட்டிவிடுகின்றது. ஹூரன் ஏரியும் அதன் பகுதியாகிய ஜோர்ஜியன் குடாவும் தம் கிழக்குக் கரைக்கு இதனையே செய்கின்றன. பெறாமகளின் ஊர் அவ் வழியிலேதான் இருக்கின்றது.

மாணவ நேயர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதை 80 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம். ஓரிரவில் 25 சதமமீற்றர் பனி விழுந்ததாக வைத்துக்கொள்வோம். கனவளவு 80 கனமீற்றர். புதிதாய் விழுந்த பனி கனமீற்றருக்கு 100 கிலோகிராம் என்று கொண்டால், எட்டுத் தொன். சவளுக்கு ஐந்து கிலோ வீதம் அள்ளினால் ஆயிரத்தறுநூறு முறை குனிந்து நிமிரவேண்டும்! அதே பனி இரண்டு நாள் கிடந்து இறுகினால், அல்லது ஈரப்பனியாக விழுந்தால், நிறை இரண்டு மூன்று மடங்காகும். இதற்குமேல், நகரசபையின் பெரிய வண்டி வீதியைத் துப்புரவு செய்துகொண்டு போகையில், ஒவ்வொருவர் வாசலிலும் கட்டிபட்ட பனியை ஒரு வரம்பாகத் தள்ளிவிட்டுச் செல்லும். வீட்டுக்காரருடைய நெஞ்சைச் சோதிப்பது பெரும்பாலும் அந்த வரம்புதான். கடுங்குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையிலே கைகளால் பளுத்தூக்கும் வேலை இதயத்திற்கு ஆகாது. கியூபெக் மாகாணத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு, பெரும் பனி பெய்த நாளுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு மிகுவதை 2017-ல் எடுத்துக்காட்டியது. வைத்தியர் சொன்னதைப் பெறாமகள் அச்சத்தோடு எழுதியிருந்தமை வியப்பன்று.

யந்திரம் வேண்டுமா என்பதே முதற் கேள்வியாக இருக்கவேண்டும். பத்து மீற்றர் வாசலுக்கு உழவு யந்திரம் வாங்குவது கோழிக்குஞ்சை அறுக்கக் கோடரி தேடுவது போலாகும். கையாற் பிடித்து நடந்து செல்லும் சிறு பொறி அங்கே போதும். மாரி முழுவதற்கும் தொகை பேசித் துப்புரவு செய்து தரும் ஒப்பந்தக்காரரும் உளர். ஆனால் மூன்று ஏக்கர் வளவும், புல்வெளியும், சல்லிப் பாதையும், விறகுக்காடும் உள்ளவருக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. வெட்டுவதற்கும் இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் தனித்தனிப் பொறி வாங்குவதிலும், எல்லாவற்றையும் பூட்டக்கூடிய ஒன்றை வாங்குவதே அவர்களுக்குச் சிக்கனம்.

அடுத்தது குதிரைவலு. யந்திரம் வாங்கச் செல்லும் ஆண்கள் அனைவரும் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்கின்றனர். எத்தனை குதிரை என்று கேட்பதிலே ஒரு பெருமை இருக்கின்றது போலும். உழுவதற்கும் பெருஞ்சுமை இழுப்பதற்கும் அது முக்கியமே. வளவு வேலைக்கோவெனில் யந்திரத்தின் நிறை, சில்லுகள் நிலத்தைப் பற்றும் பற்று, முன்னே தூக்கக்கூடிய பளு, திரும்புவதற்கு வேண்டிய இடம் ஆகிய நான்கையும் கேட்டபின் கடைசியாகக் கேட்கவேண்டியது அது. ஐந்தடி அகலமான பனி வீசும் பொறியைச் சுழற்ற இருபது முதல் முப்பது குதிரைவலு வரை போதும். ஐம்பது குதிரை உள்ள பெரிய யந்திரம் வசந்தத்தில், உறைந்த மண் இளகும் காலத்தில், புல்வெளியை எருமை மிதித்த சேறாக்கிவிடும். வாகனத் தரிப்பிடத்துக்குள்ளும் அது நுழையாது. விற்பனையாளருக்கு எமது வணக்கத்தைச் சொல்லி விட்டுவிடும்படி எழுதினோம்.

இனிச் சாம்பல் நிறப் பெர்குசனுக்கு வருவோம். இஃது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய ஆசையன்று. மருமகனின் தகப்பனார் கிளிநொச்சியிலே அத்தகைய ஒன்றை வைத்திருந்தார். இரண்டாங் கையாக வாங்கியது. அதில் வயல் உழுது, சூடு அடித்து, பெட்டி பூட்டி நெல் ஏற்றிப் பிள்ளைகளை ஆளாக்கினார். 1996-ல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான்களையெல்லாம் ஏற்றிச் சென்ற அந்த யந்திரம் வழியிலே பழுதாகிக் கைவிடப்பட்டது. பின்னர் அதனைக் கண்டவர் இல்லை. அயலூரில் விற்பனைக்கு நிற்பது மருமகனின் கண்ணுக்கு வெறும் இரும்பாகத் தோன்றாது.

அந்த யந்திரத்துக்கு உரிய புகழும் சிறிதன்று. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பெர்குசன் என்பார், கலப்பையை வண்டிபோற் பின்னே கட்டி இழுப்பதை விடுத்து, மூன்று முனைகளில் யந்திரத்தோடே பிணைத்து, எண்ணெய் அமுக்கத்தால் ஏற்றி இறக்கும் முறையை வகுத்தார். கலப்பையின் இழுவிசையே பின்சில்லுகளை நிலத்தில் அழுத்த உதவியதால், பாரமான யந்திரம் செய்யும் வேலையை இலேசான யந்திரம் செய்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சாம்பல் நிறப் பெர்குசன்கள் செய்யப்பட்டன. இன்று உலகிலுள்ள சிறிதும் பெரிதுமான உழவு யந்திரங்கள் பெரும்பாலும் அந்த மூன்று முனைப் பிணைப்பையே கொண்டுள்ளன. பெர்குசனோடு 1953-ல் இணைந்த மசி ஹரிஸ் நிறுவனம் ரொறன்றோவைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் வேர், 1847-ல் டானியல் மசி என்பவர் ஒன்ராறியோவின் நியூகாசில் என்ற ஊரிலே தொடங்கிய பட்டறை. வன்னியில் நாம் 'மசி' என்று அழைத்த யந்திரத்தின் பெயர் இன்று எம் பிள்ளைகள் குடியிருக்கும் மாகாணத்திலிருந்து வந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

மருமகன் தம் கட்சிக்கு இன்னுமொரு சான்றும் வைத்திருந்தார். எவரெஸ்ற் சிகரத்தில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, மூன்று பெர்குசன் யந்திரங்களோடு ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் பனிக்கண்டத்தைக் கடந்து, 1958 ஜனவரி 4-ம் திகதி தென்துருவத்தை அடைந்தார். மோட்டார் வாகனத்தில் தரைவழியாக அங்கு சென்றவர் அவருக்கு முன் எவருமிலர். 'தென்துருவத்துக்குப் போன யந்திரம் என் வாசலுக்குப் போதாதா?' என்பது மருமகனின் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் ஹிலாரியின் யந்திரங்கள் றப்பர் ரயரில் ஓடவில்லை. சில்லுகளைச் சுற்றிப் பட்டிகள் பூட்டப்பட்டிருந்தன. அவை பனியின்மேல் ஏறிச் சறுக்கு வண்டிகளை இழுத்தனவேயன்றிப் பனியை அள்ளவில்லை. பனியைக் கடப்பது ஒரு வேலை; பனியை அகற்றுவது வேறொரு வேலை.

அகற்றும் வேலைக்கு மூன்று கருவிகள் உண்டு. வளைந்த இரும்புத் தகட்டால் ஓரத்துக்குத் தள்ளலாம். முன்வாளியால் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டலாம். சுழலும் பொறியால் வாரித் தூர வீசலாம். தகடு மலிவு, வேகமும் உண்டு. அதன் குறை தை மாதத்தில்தான் தெரியும். தள்ளிய பனி இருமருங்கும் மதிலாக உறைந்து, ஒவ்வொரு தடவையும் பாதை ஒரு முழம் ஒடுங்கி, ஈற்றில் தள்ளுவதற்கே இடமிராது. தகடு வைத்திருப்போர் முதற் பனியையே மிகத் தூரத்துக்குத் தள்ளிவிடுவர். அதனை வீதியில் தள்ளிவிடலாகாது. பொதுவீதியிற் பனியைக் கொட்டுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கின்றது. முன்வாளியோ ஆண்டு முழுவதும் உதவுவது. மண், சல்லி, விறகு, எரு எதனையும் சுமக்கும். ஆயின் எண்பது மீற்றரை அதனால் அள்ளி முடிப்பது பொறுமையைச் சோதிக்கும்.

ஏரிக்கரைப் பனிக்கு ஏற்றது வீசும் பொறியே. அதனை ஆக்கியவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆதர் சிக்கார் என்பவர். கதிரடிக்கும் பொறி வைக்கோலை வாரி எறிவதைக் கண்ட விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர். பனியையும் அவ்வாறு எறியலாமே என்று எண்ணிப் பல ஆண்டுகள் முயன்று, 1925-ல் ஒன்றைச் செய்து முடித்தார். 1927-ல் மொன்றியலை அடுத்த ஊற்றமொன் நகரசபை அதனை வாங்கிற்று. களத்துமேட்டில் சூடு அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இச் செய்தி இனிக்கும் என்பதால் இங்கே சொன்னோம்.

இப்பொறி வேலை செய்யும் முறையிலேதான் பழைய பெர்குசன் தோற்கின்றது. யந்திரத்தின் பின்புறத்தில் பீ.ரீ.ஓ. என்று மெக்கானிக்குகள் அழைக்கும் சுழல்தண்டு ஒன்று இருக்கும். பொறியைச் சுழற்றுவது அதுவே. பழைய பெர்குசனில் கிளச்சை மிதித்தால் சில்லும் நிற்கும், தண்டும் நிற்கும், ஏற்றி இறக்கும் எண்ணெய் அமுக்கமும் நிற்கும். ஆழமான பனியில் யந்திரம் நின்றிருக்கப் பொறி மட்டும் சுழன்று வீசவேண்டும். பிறகு ஓரடி நகரவேண்டும். அது முடியாது. மேலும் பொறி பின்னே இருப்பதால், குளிரிலே கழுத்தைத் திருப்பியபடி எண்பது மீற்றரும் பின்னோக்கி ஓட்டவேண்டும். முன்சில்லுகளுக்கு வலு இல்லை. இன்றைய சிறு யந்திரங்களில் நான்கு சில்லும் இழுக்கும். தண்டு கிளச்சுக்குக் கட்டுப்படாது. கியர் மாற்றாமல் காலால் மிதித்தே நத்தை வேகத்தில் முன்னும் பின்னும் செல்லலாம். பொறியை முன்புறத்திலும் பூட்டலாம்.

இவ்வளவும் வசதியைப் பற்றிய பேச்சு. வசதி குறைந்ததை விரும்பி வாங்குபவரை நாம் தடுப்பதில்லை. எம்மைத் தடுக்கத் தூண்டியது வேறொன்று.

1968-ம் ஆண்டளவில் ஒரு மாரி. எமது வயலுக்கு அடுத்த வயலிலே உழவு யந்திரமொன்று சேற்றில் புதைந்தது. ஓட்டியவர் அனுபவசாலி, எம்மிலும் பத்து வயது மூத்தவர். பின்சில்லு வெறுமனே சுழல்வதைக் கண்டு, ஒரு மரக்குற்றியைச் சில்லுகளுக்குக் குறுக்கே சங்கிலியாற் பிணைத்து, ஏறியிருந்து கியரைப் போட்டார். சில்லு சுழல முடியாமற் போகவே, சில்லைச் சுற்றி யந்திரம் சுழன்றது. முன்பக்கம் எழுவதைக் கண்டு நாம் வாய் திறப்பதற்கு முன் அது பின்னோக்கிக் கவிழ்ந்துவிட்டது. ஓடிச் சென்ற நால்வராலும் அதனை அசைக்க முடியவில்லை. அவருடைய மனைவி சோறு கொண்டுவந்தது அரை மணி நேரத்தின் பின்.

பின்னோக்கிக் கவிழும் யந்திரம், மீட்க முடியாத நிலையை ஏறத்தாழ முக்கால் செக்கனில் அடைந்துவிடும். கிளச்சை மிதிக்கவேண்டும் என்று மனம் நினைத்துக் கால் அசைவதற்கும் அவ்வளவு நேரம் வேண்டும். ஆகவே இங்கே திறமை உதவாது, இரும்புதான் உதவும். ஆசனத்தின் பின்னே உறுதியான காவல் வளைவு ஒன்று நின்று, ஓட்டுபவர் இடுப்புப் பட்டியும் கட்டியிருந்தால், யந்திரம் கவிழ்ந்தாலும் அவர் இருக்கும் இடம் நசியாது. சுவீடன் தேசம் 1959-லேயே புதிய உழவு யந்திரம் ஒவ்வொன்றுக்கும் இதனைக் கட்டாயமாக்கியது. காலப்போக்கில் அங்கே யந்திரம் கவிழ்ந்து இறப்பது மிகவும் அருகிப்போயிற்று. பழைய பெர்குசன் அந்த வளைவு இல்லாத காலத்தில் பிறந்தது. பழைய யந்திரங்கள் பலவற்றுக்குச் சோதித்து ஒப்புக்கொண்ட வளைவுகளை இன்று வாங்கிப் பூட்டலாம். வீட்டிலே குழாயை வளைத்து ஒட்டுவது ஆகாது; தேவைப்படும் நாளில் அது மடங்கிவிடும். புதிய யந்திரங்களில் சிலவற்றில் வளைவை மடித்து வைக்கலாம். தரிப்பிடக் கூரை இடிக்கின்றது என்று மடித்தவர்கள், வெளியே வந்ததும் நிமிர்த்த மறந்துவிடுகின்றனர். வளைவு மடிந்திருக்கையில் இடுப்புப் பட்டியைக் கட்டுவது இன்னும் கேடு. கவிழும் யந்திரத்தோடு ஓட்டுபவரைப் பிணைத்துவிடும்.

சேறில்லாத கனடா வளவில் யந்திரம் ஏன் கவிழப்போகின்றது என்று கேட்கலாம். பனி, பள்ளத்தையும் பாதை ஓரத்தையும் ஒரே வெள்ளையாக மூடிவிடுகின்றது. ஒரு பக்கச் சில்லு மூடிய வாய்க்காலில் இறங்கினாற் போதும். முன்வாளியில் பாரத்தை உயரத் தூக்கியபடி திரும்பினாலும் அதே கதிதான்; பாரம் உயர உயரப் புவியீர்ப்பு மையமும் உயர்கின்றது. வாளியை முழங்காலளவுக்கு மேலே தூக்காமல் ஓட்டவேண்டும். பட்ட மரத்தை இழுக்கும்போது, சங்கிலியைப் பின்னே தாழ இருக்கும் இழுவைச் சட்டத்திலே மட்டும் மாட்டவேண்டும். அச்சுக்கு மேலே எங்கு மாட்டினாலும் எம் அயலவருக்கு நேர்ந்ததே நேரும்.

சுழல்தண்டைப் பற்றியும் ஒரு சொல். அது நிமிடத்துக்கு 540 முறை, அதாவது செக்கனுக்கு ஒன்பது முறை சுழல்வது. பனிக்கால உடையிலே தொங்கும் கழுத்துச் சால்வையோ கயிறோ அதிற் பட்டால், கையை இழுத்துக்கொள்ள நேரமிராது. தண்டின்மேல் இருக்கும் பிளாத்திக்கு உறை உடைந்திருந்தால், புதிது போடும்வரை பொறியைத் தொடலாகாது. வீசும் வாயிலே பனி அடைத்துக்கொள்வது நாளாந்த நிகழ்ச்சி. அப்போது எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துச் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு, தடியாற் குத்தி எடுக்கவேண்டும். கையை உள்ளே விட்டு விரல்களை இழந்தோர் ஒவ்வொரு மாரியிலும் உளர். பொறியில் வேண்டுமென்றே மெலிதாகச் செய்த ஆணியொன்று இருக்கும். கல்லோ கட்டையோ சிக்கினால் அது முறிந்து மற்றவற்றைக் காக்கும். அடிக்கடி முறிகின்றதே என்று தடித்த ஆணியைப் போடுபவர், அடுத்த முறை பற்சில்லுப் பெட்டியையே வாங்க நேரும். இரண்டு டொலர் ஆணிகள் பத்தை எப்போதும் பெட்டியில் வைத்திருக்கும்படி எழுதினோம்.

பற்றுக்கு நிறை வேண்டும் என்றோம் அல்லவா? முன்வாளியில் பாரம் ஏற்றும்போது பின்சில்லு இலேசாகிப் பனியில் வழுக்கும். பின்னே பாரப்பெட்டி ஒன்றைப் பூட்டலாம். ரயருக்குள்ளே திரவமும் நிரப்பலாம். முன்னர் கல்சியம் குளோரைட்டுக் கரைசலை நிரப்பினர். உறையாது, பாரமும் உண்டு. ஆனால் கசிந்தால் சில்லின் இரும்பைத் தின்றுவிடும். இப்போது சர்க்கரைக்கிழங்கிலிருந்து சீனி எடுத்தபின் எஞ்சும் சாற்றை நிரப்புகின்றனர். இரும்பு துருப்பிடிப்பதில்லையாம். சீனிப் பாகு ஊற்றிய ரயரைப் பற்றி எங்கள் கிளிநொச்சி மெக்கானிக்கிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. பளிங்குபோல் உறைந்த பாதையிலே நிறையும் கைகொடாது. சில்லுகளுக்குச் சங்கிலி சுற்றவேண்டும்.

குளிரில் யந்திரத்தைக் கிளப்புவதும் ஒரு கலை. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். ஆகையால் மாரிக்கென்று வேறு டீசல் விற்கின்றார்கள். கோடையில் வாங்கி மீந்ததைத் தாங்கியில் விட்டுவைக்கக் கூடாது. எஞ்சினுக்குள் மின்சாரச் சூடாக்கி ஒன்றைப் பொருத்தி, ஓட்டுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னரே சுவரிற் செருகிவிடுவர். குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு தரிப்பிடத்தினுள்ளே எஞ்சினை ஓடவிடுவது உயிராபத்து. காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வீட்டோடு ஒட்டிய தரிப்பிடமாயின் அது படுக்கையறைக்கும் வரும்.

நிலம் உறைவதற்கு முன், கார்த்திகை பிறக்கும்போதே, பாதையின் இருமருங்கும் உயரமான தடிகளை நாட்டிவிடவேண்டும். உறைந்தபின் கடப்பாரையும் இறங்காது. சல்லிப் பாதையாதலின் பொறியின் அடியிலுள்ள தாங்கிகளைச் சற்று இறக்கி, முதற் பனியில் இரண்டு விரற்கடை விட்டுவைத்தால், அது மிதிபட்டு உறைந்து நல்ல தளமாகும். இல்லாவிட்டால் வளவுச் சல்லி முழுவதும் புல்வெளிக்குப் போய்ச் சேரும், யன்னலுக்கும் போகும்.

கோடையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அடியிற் பூட்டும் புல்வெட்டி, பாதையைச் சமன்செய்யும் தகடு, வேலிக்குக் குழி தோண்டும் துறப்பணம் என்பவற்றைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாக வாங்கலாம். சிலவற்றை வாடகைக்கும் எடுக்கலாம். ஆசையால் எல்லாவற்றையும் முதல் ஆண்டே வாங்கி, பனிக்குள் துருப்பிடிக்க விட்டவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

எமது விடை இவ்வாறாயிற்று. இருபத்தைந்து குதிரைவலு அளவில், நான்கு சில்லும் இழுக்கின்ற, காவல் வளைவோடு கூடிய சிறு யந்திரம், முன்வாளி, ஐந்தடிப் பொறி. பொறி சில்லுத்தடத்திலும் அகலமாக இருக்கின்றதா என்று அளந்துபார்க்கவேண்டும். நான்கைந்து ஆண்டு ஓடியதாயினும் பாதகமில்லை. பத்து மைலுக்குள் பழுதுபார்க்கும் இடம் இருப்பது புதிதாக வாங்குவதிலும் முக்கியம். பணம் மீந்து, ஆசையும் தீராவிட்டால், சாம்பல் நிறப் பெர்குசனையும் வாங்கட்டும். தகப்பனாருடைய யந்திரத்தை நினைத்து ஒருவர் செலவழிப்பதை வீண் என்று சொல்ல எமக்கு மனமில்லை. ஒப்புக்கொண்ட வளைவைப் பூட்டி, கோடையிலே சமநிலத்தில் சிறு பெட்டி இழுக்கட்டும். பனிக்கும் மேட்டுக்கும் அதனைக் கொண்டுபோகலாகாது.

பதில் வந்துவிட்டது. சிறு யந்திரத்துக்கு முற்பணம் கட்டிவிட்டார்களாம். பெர்குசன் இன்னும் விற்பனைக்கு நிற்கின்றதாம். மருமகன் இரண்டு ஞாயிறுகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். முதற் கடிதத்தில் கேளாத ஒன்றை இம்முறை கேட்டிருந்தாள்: மட்காட்டில் இருக்கும் மகனைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே, படம் பிடித்ததா என்று.

பிடிக்கவில்லை. நாமும் அந்த மட்காட்டில் இருந்து வளர்ந்தவர்களே. நம் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றோம். ஒரு குலுக்கலில் விழும் பிள்ளை விழுவது பின்சில்லின் முன்னே என்பதை அறிந்துகொண்டே ஏற்றினோம் என்பதுதான் இப்போது நினைக்க நடுக்கம் தருவது. யந்திரத்தில் ஓர் ஆசனம். ஆகவே ஓர் ஆள். பனி அகற்றும் வேளையிற் பிள்ளைகள் வீட்டினுள்ளே, யன்னல் ஓரத்தில் நிற்கட்டும். பனிமதிலின் பின்னே ஒளிந்து விளையாடும் பிள்ளை ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. புதிய யந்திரம் வந்ததும் அதனை நிறுத்தி, வாளியை நிலத்தில் இறக்கி, பேரன் பக்கத்திலே தரையில் நிற்க ஒரு படம் எடுத்து அனுப்பும்படி எழுதியிருக்கின்றோம்.